ஜெகதீசனின் நட்சத்திரம்

ஜூலை 4, வியாழன்

நயினாரை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று.

குரல்நாணில் இருந்த வளர்ச்சியை எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். அதுவரை அவன் பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுப்பது பேசுவதைவிடக் கெடுதல் என்றார் டாக்டர்.

"அப்புறம் பழையபடி பேசலாம் இல்லையா சார்?"

"ரிப்போர்ட் வரட்டும்மா."

வரும் வழியில் ஒரு சிலேட்டு வாங்கினோம். "பிள்ளை எந்த வகுப்பு?" என்று கேட்டார் கடைக்காரர். நயினார் தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். கடைக்காரருக்குப் புரியவில்லை. வேறு நாளாக இருந்தால் நயினார் அந்த மனிதரை ஒரு நிமிடத்தில் சிரிக்க வைத்திருப்பான்.

ரசத்தை ஆற வைத்துக் கொடுத்தேன்.


ஜூலை 5, வெள்ளி

அத்தையை என்ன செய்வது?

நயினாரின் அம்மா உலகம்மாள் ஆலங்குளத்தில் தனியாக இருக்கிறார். பீடி சுற்றுகிறார். நயினார் இங்கே திருச்சியில் இருசக்கர வாகனக் காப்பீட்டு சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து எவ்வளவு சேதம் என்று எழுதித் தருவது அவன் வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை உண்டு. அன்றைக்குக் கிடைத்ததில் நல்லதாக ஒன்றை எடுத்து, மூன்று மணிக்கு ஏதாவது ஒர்க்ஷாப் வாசலில் நின்றபடி அம்மாவுக்குப் போனில் சொல்வான். எனக்குத் தெரிந்து, ஞாயிறு தவிர, ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. குறுஞ்செய்தி அனுப்பிச் சமாளிக்க முடியாது. மகன் என்றால் குரல்தான்.

மாமா இறந்ததும் தொண்டையில் வந்த நோயால்தான்.

சிலேட்டில் எழுதினான்: *அம்மாவுக்குத் தெரியக்கூடாது.* அடியில் கோடு போட்டான். பிறகு இன்னொரு கோடு.

திட்டம் இதுதான். நயினாரை அலுவலகத்தில் மும்பைக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே வகுப்பு முடியும் வரை போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வகுப்பு முடியும்போது அத்தை தூங்கியிருப்பார். அதனால் மூன்று மணிக் கதையை நான் சொல்ல வேண்டும்.

"எனக்குச் சொல்ல வராது," என்றேன்.

*நீதானே எழுத்தாளர்.*

சிற்றிதழ்களில் சில கதைகள் எழுதியிருக்கிறேன். நீளமானது நாலு பக்கம்.


ஜூலை 6, சனி

காலையில் நயினார் சிலேட்டில் ஒரு கதை கொடுத்தான்.

*ஸ்கூட்டர். மாடு. பால்பண்ணை ரவுண்டானா. முன்சக்கரம் வளைவு. ஓட்டியவர் சிராய்ப்பு.*

இதே மாட்டைப் பற்றிப் போன மாதம் சாப்பிட உட்கார்ந்தவன், சாம்பார் ஆறும் வரை பேசினான். மாட்டுக்கு ஒரு பெயர்கூட இருந்தது. கையில் சாக்பீஸ் வந்ததும் சர்வேயர் ஆகிவிடுகிறான்.

நானே உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம். 'மாடுதான் முதலில் வண்டியைப் பார்த்தது' என்று ஆரம்பம். எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று மணிக்கு அடித்தேன்.

"மும்பைக்கா? அதான் ரெண்டு நாளாப் போனு வரலியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"திடீர்னு அனுப்பிட்டாங்க அத்தை."

"அங்க சோறு கெடைக்குமாளா?"

"கிடைக்கும் அத்தை. அதான், கதையை என்னைச் சொல்லச் சொன்னார்."

எழுத்தில் அவன். அத்தையிடம் அவர்.

"சரி, சொல்லு."

வாசித்தேன். மூன்றாவது வரியில் வேறொரு குரல் குறுக்கே வந்தது. "ஏளா, வாசிக்கியா?"

அப்போதுதான் தெரிந்தது, அங்கே போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. தினமும் அப்படித்தானாம். பீடித்தூள் டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டே கேட்பார்கள். அத்தை, பக்கத்து வீட்டு மாடத்தி மதினி, எதிர் வீட்டு சொர்ணம். நயினார் இதை என்னிடம் சொன்னதே இல்லை. முன்பே தெரிந்திருந்தால் போன் செய்திருக்கவே மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

"இல்லை, சொல்றேன்," என்றேன். வாசித்தேன்.

ஓரிடத்தில் பத்தி விட்டிருந்தேன். மாடு நிற்கிறது. ஒரு வெற்றுவரி. அந்த வெற்றுவரிக்கு மரியாதை கொடுத்து நிறுத்தினேன்.

"ஹலோ? ஹலோ? ஏ, லைன் போயிட்டு."

"இருக்கேன் மதினி."

"இருந்தா பேசு. அவன் சொன்னா மாடு நடந்து வரும். நீ சொன்னா மாடு போட்டோவுக்கு நிக்கி."

மூன்று பேரும் சிரித்தார்கள். அத்தைதான் சமாதானம் சொன்னார். "விடுங்கட்டி. புதுசுல்லா. பழகிருவா."

என் காதருகே கேட்டுக்கொண்டிருந்த நயினார் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினான். சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் அதட்ட வேண்டியிருந்தது.


ஜூலை 7, ஞாயிறு

பீடிக் கம்பெனிக்கு விடுமுறை. கதைக்கும். துணி துவைத்தேன்.


ஜூலை 8, திங்கள்

கல்லூரியிலிருந்து உள்தேர்வுத் தாள்களை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஒரு கேள்வி நானே கேட்டது: 'வாய்மொழிக் கதைக்கும் எழுத்துக் கதைக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக.' பத்து மதிப்பெண். எல்லோரும் நான் கொடுத்த குறிப்பையே திருப்பி எழுதியிருக்கிறார்கள். ஒருவன் மட்டும்: 'வாய்மொழிக் கதையில் கேட்பவர் தூங்கிவிட்டால் கதை நின்றுவிடும். எழுத்துக் கதையில் வாசிப்பவர் தூங்கினாலும் கதை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.' அவ்வளவுதான் விடை. இரண்டு போட்டேன். பிறகு அதை ஆறாகத் திருத்தினேன்.

மூன்று மணிக்குக் காகிதம் இல்லாமல் உட்கார்ந்தேன். சிலேட்டில் நயினார் எழுதியிருந்தது *டயர் வெடிப்பு, சமயபுரம்.* அதை வைத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"இன்னைக்கு ஒரு பையனைப் பத்தி," என்று தொடங்கிவிட்டேன்.

"பேரு?"

எதிரே மளிகைக் கடை நாள்காட்டி. "ஜெகதீசன்."

ஜெகதீசன் வண்டியில் வருகிறான். கல்யாண மண்டபத்துக்குத் தோரணம் கட்டியவர்கள் கயிற்றைச் சாலைக்குக் குறுக்கே தாழ்வாக விட்டிருக்கிறார்கள். கயிறு கழுத்தில் மாட்டிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. தொண்டையில்தான் அடி. பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இழப்பீடு கேட்க வந்தவன் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறான்.

அங்கே கத்தரிச் சத்தம் நின்றது.

"பேச்சு திரும்ப வருமா?" இது சொர்ணம்.

"தெரியலை. டாக்டர் இன்னும் சொல்லலை."

"அட கொடுமையே. என்ன வயசு?"

"முப்பது இருக்கும்."

"கயித்தக் கட்டுனவன் வெளங்குவானா?" என்றார் மாடத்தி மதினி.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நயினார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கஞ்சியைச் சுட வைக்கப் போனேன். ஆற வைக்கவும் வேண்டும்.


ஜூலை 9, செவ்வாய்

காலையில் சிலேட்டில்: *எனக்குக் கல்யாணம் ஆச்சா?*

"யாருக்கு?"

*ஜெகதீசனுக்கு.*

மூன்று மணிக்கு அவர்களும் அதையே கேட்டார்கள்.

"ஆயிடுச்சு," என்றேன்.

"பொண்டாட்டி எப்படி? நல்ல மாதிரியா?"

"நல்ல மாதிரிதான். கொஞ்சம் கம்மியாப் பேசுவா."

"அவனுக்குப் பேச முடியாது, அவ பேச மாட்டா," என்றார் மாடத்தி மதினி. "அப்பம் அந்த வீட்ல மிக்சிதான் பேசணும்."

நயினார் மறுபடியும் தலையணையை எடுத்தான்.


ஜூலை 10, புதன்

நேற்று சொர்ணம் பாதியில் எழுந்து போயிருந்தாராம். அதனால் இன்று மாடத்தி மதினி முதலில் முன்கதை சொன்னார். நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் ஜெகதீசனுக்கு அதில் ஒரு தங்கச்சி இருந்தாள். கயிறு தற்செயலாக விழவில்லை, சொத்துத் தகராறில் பெரியப்பா மகன் கட்டியது. வண்டி புது வண்டி. மாமனார் போட்டது.

"மதினி, நான் அப்படிச் சொல்லலையே."

"நீ சொல்லல. ஆனா அப்படித்தான் இருக்கும்."

என் கதையில் ஒரு கமாவை மாற்றியதற்காக ஒரு பத்திரிகை ஆசிரியருடன் ஆறு மாதம் பேசாமல் இருந்தவள் நான். இன்று "இருக்கலாம் மதினி" என்றேன். பெரியப்பா மகனைத் தொடர்ந்து கொண்டு போக வேண்டியதாயிற்று. கெட்டவன்தான். ஆனால் சுவாரசியமானவன்.

ரேஷன் கடை வரிசையில் சொர்ணம் இந்தக் கதையைச் சொன்னாராம். பின்னால் நின்ற இரண்டு பேர் கண் கலங்கினார்களாம். என் தொகுப்புக்கு வந்த மொத்த மதிப்புரையே ஒரு பத்தி.

வழக்கம்போல முடிவில் அத்தை கேட்டார். "நயினாரு எப்பம் வருவான்? ஒரு வார்த்த பேசச் சொல்லக் கூடாதா?"

"சொல்றேன் அத்தை."


ஜூலை 11, வியாழன்

பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்தேன். இன்னும் வரவில்லை.

இந்த முறை சொர்ணம்: "முடிவு என்ன? பேசுவானா, மாட்டானா?"

"தெரியலை."

"கதையச் சொல்லுதது நீ. உனக்கே தெரியாதா?"

என் கதைகள் எல்லாமே கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டுத்தான் முடியும். முடிவு வாசகருடையது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். அந்தக் கதைகளில் எல்லாம் முடிவு எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொல்லாமல் விட்டேன்.

இதில் உண்மையிலேயே தெரியவில்லை.


ஜூலை 12, வெள்ளி

தப்பு செய்துவிட்டேனோ?

மூன்று மணிக்குக் கதை கேட்கும் மனநிலையில் அவர்கள் இல்லை. மூன்று பேரும் குளித்துத் தயாராக இருந்தார்கள்.

"முப்பிடாதி கோயிலுக்குப் போறோம்," என்றார் அத்தை. "அந்தப் பய செகதீசன் பேருக்கு ஒரு அர்ச்சனை வைக்கலாம்னு மாடத்தி சொல்லுதா. பாவம், வயசுப் பிள்ள."

என்ன சொல்வது? அப்படி ஒருவன் இல்லை என்றா? எழுதும்போது இந்தத் தொல்லை கிடையாது. என் கதாபாத்திரங்களுக்காக இதுவரை யாரும் தேங்காய் வாங்கியதில்லை.

"அவன் நட்சத்திரம் என்ன?"

"விசாகம்."

யோசிப்பதற்குள் நயினாரின் நட்சத்திரம் வந்துவிட்டது. காகிதமாக இருந்தால் அடித்துவிட்டு ரோகிணி என்று எழுதியிருப்பேன்.

"விசாகமா," என்றார் அத்தை.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இந்த முறை லைன் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை.

"சரி," என்றார். போனை அவரே வைத்தார். அத்தை தானாகப் போனை வைத்து நான் பார்த்ததில்லை. மாடத்தி மதினிதான் வந்து பொத்தானை அமுக்குவார்.

நயினார் நிமிர்ந்து பார்த்தான். சிலேட்டைத் தொடவில்லை.

விசாகம் யாருக்கும் இருக்கலாம். இருபத்தேழில் ஒன்று.


ஜூலை 13, சனி

இன்று நயினார் எப்போது வருவான் என்று அத்தை கேட்கவில்லை. பழகிவிட்டது போல.

ஜெகதீசனைப் பற்றித்தான் கேட்டார்.

"கஞ்சி எறங்குதாமா அவனுக்கு?"

"இறங்குது அத்தை."

"சூடாக் குடுக்கக் கூடாது."

"ஆற வச்சுதான் குடுக்கறா."

"பால்ல பனங்கற்கண்டு போட்டுக் குடுக்கச் சொல்லு. அங்க நல்லது கெடைக்காது. நான் பஸ்ஸுல குடுத்து விடுதேன்."

"ஊரு பேரு தெரியாதவனுக்கா?" இது மாடத்தி மதினி.

"ஒனக்கென்னட்டி? எங்கிட்ட சும்மாதான கெடக்கு."


ஜூலை 14, ஞாயிறு

பேருந்து நிலையத்துக்குப் போய் ஓட்டுநரிடம் பொட்டலத்தை வாங்கி வந்தேன். பனங்கற்கண்டு. கூடவே, நாளிதழ்த் துண்டில் மடித்த கோயில் திருநீறு.

நயினாரின் தொண்டையில் பூசினேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். கழுத்தை நிமிர்த்திக் காட்டினான்.

பிறகு சிலேட்டில் எழுதினான்: *தெரிஞ்சுபோச்சு.*

எனக்குப் பேச எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் சாக்பீஸை வாங்கி அதன் கீழே எழுதினேன்: *தெரியாது.*

இரண்டையும் அவன் அழித்தான்.


ஜூலை 15, திங்கள்

கதை நகரவில்லை. பெரியப்பா மகனை வைத்தே ஓட்டினேன். அவனைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்தேன். மாடத்தி மதினிக்குத் திருப்தி.

முடிக்கும்போது அத்தை கேட்டார்.

"அந்தப் புள்ள சாப்பிடுதாளா?"

"எந்தப் புள்ள அத்தை?"

"செகதீசன் பொண்டாட்டி. அவனுக்கே பாத்துக்கிட்டு அவ சாப்பிடாம கெடந்துறப் போறா. கம்மியாப் பேசுதவ வேற. யாருகிட்டயும் சொல்லவும் மாட்டா."

"சாப்பிடறா அத்தை."

"அழுதாளா?"

"இல்லை."

"அழுதாத் தப்பில்லன்னு சொல்லு. அவன் முன்னால வேண்டாம். அடுப்படில போயி அழச் சொல்லு."

சொர்ணம் சிரித்தார். "எப்பா, சொந்த மருமகள மாதிரில்லா பேசுத நீ."

"ஆமா. அதுக்கென்ன இப்பம்?"

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். பால் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. கழுவினேன்.

வெகுநேரம் கழுவினேன்.


ஜூலை 16, செவ்வாய்

மருத்துவமனையில் நாளைக்கு வரச் சொல்கிறார்கள்.


ஜூலை 17, புதன்

ஒன்றும் இல்லை.

டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு முதலில் சொன்ன வார்த்தை அதுதான். சாதாரணக் கட்டி. பயப்பட எதுவும் இல்லை. நாளை மறுநாள் வந்தால் கொஞ்சமாகப் பேச விடுவாராம். நயினார் அந்தக் காகிதத்தை வாங்கித் தானும் படித்தான். ஒரு வண்டியைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பாகமாக.

வராந்தாவிலேயே நின்று அத்தைக்கு அடித்தேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"கோத?" என் பெயரைச் சொன்ன குரல் நடுங்கியது. "மூணு மணி ஆகலியேம்மா."

"ஜெகதீசனுக்கு ரிப்போர்ட் வந்துடுச்சு அத்தை. ஒண்ணும் இல்லை. சாதாரணக் கட்டிதானாம். பேசிடுவான்."

கயிறு அறுத்த தொண்டையில் கட்டி எங்கிருந்து வந்தது என்று அத்தை கேட்கவில்லை.

போனை எங்கோ வைத்துவிட்டுப் போகும் சத்தம். ஒரு காக்கை. குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது. தூரத்தில் ஒரு லாரி. நான் காத்திருந்தேன். நயினார் என் காதோடு காது வைத்துக் கேட்டான்.

திரும்பி வந்தபோது குரல் சரியாக இருந்தது.

"கோத."

"சொல்லுங்க அத்தை."

"சாய்ங்காலம் அவளுவகிட்ட சொல்லும்போது இப்படிப் பொசுக்குன்னு சொல்லிறாத. கொஞ்சம் இழுத்துச் சொல்லு."

மூன்று மணிக்கு இழுத்தேன். ஜெகதீசனும் மனைவியும் பஸ் ஏறுகிறார்கள். பஸ் பழுதாகிறது. ஆட்டோ பிடிக்கிறார்கள். மருத்துவமனையில் கூட்டம். டோக்கன் கூப்பிடுகிறார்கள், வேறொரு ஜெகதீசன் எழுந்து போகிறான். டாக்டர் உறையைக் கிழிக்கிறார். மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.

"அந்தாளு சட்டப் பையப் பாக்கச் சொல்லு முதல்ல," என்று மாடத்தி மதினி கத்தினார்.

சட்டைப் பையில்தான் இருந்தது. மதினி சொன்ன பிறகுதான் இருந்தது.

டாக்டர் படிக்கிறார். மறுபடி படிக்கிறார். ஜெகதீசனின் மனைவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள். அவள் பார்வைக்கு டாக்டரின் உதடு மட்டும்தான் தெரிகிறது. சொன்னேன். காலையில் நடந்து முடிந்த ஒன்றுதான். காலையில் இவ்வளவையும் நான் பார்க்கவில்லை.

"'ஒண்ணும் இல்லம்மா,' அப்படின்னார்."

அங்கே மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தையின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. புதிதாகக் கேட்பவரைப் போலவே கேட்டார்.


ஜூலை 18, வியாழன்

பேசின முதல் வார்த்தை என்ன என்று கேட்கிறார்கள். இன்னும் பேசவில்லை, நாளைக்குத்தான் என்றேன். சொர்ணத்துக்குக் கோபம். எல்லாவற்றையும் நாளைக்கே வைக்கிறேனாம்.

மிச்சமிருந்த தாள்களைத் திருத்தி முடித்தேன்.


ஜூலை 19, வெள்ளி

டாக்டர் "ஈ" சொல்லச் சொன்னார். நயினார் சொன்னான்.

தகரத்தில் மணலைத் தேய்த்தது போல ஒரு சத்தம். அவனே பயந்து வாயை மூடிக்கொண்டான். போகப் போகச் சரியாகும், சில வாரம் ஆகும் என்றார் டாக்டர். ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான் பேசலாம்.

வீடு வரும் வரை அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நிமிடங்களை அவன் எதற்குச் சேர்த்து வைக்கிறான் என்று தெரியும்.

மூன்று மணிக்குப் போனை என் கையிலிருந்து வாங்கினான். நானும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டான்.

"அம்மா."

"யாருளா அது?" என்றார் மாடத்தி மதினி. "ஆம்பளக் குரலு. தொண்ட கட்டுனாப்புல." பிறகு, மெதுவாக: "ஏ உலகு... அந்தச் செகதீசனா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை சொல்லிவிட்டார்.

"ஆமாட்டி. அவன்தான்."

நயினார் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

"எய்யா," என்றார் அத்தை. "பேசிட்டியா?"

"பேசிட்டேம்மா."

"வலிக்கா?"

"இல்லம்மா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"ஒம் பொண்டாட்டிய நல்லா வச்சுக்கய்யா. ரொம்பப் பயந்து கெடந்தா."

"சரிம்மா."

சொர்ணம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மாடத்தி மதினிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, நான் மாடத்தி பேசுதேன். நீ பேசணும்னு இவ செந்தூருக்கு நேந்திருக்கா, கேட்டியா? மொட்ட. நீ வந்துதான் முடி எறக்கணும். யாரு பெத்த பிள்ளைக்கோ நேந்துட்டு வந்து நிக்கா. நான் எவ்வளவோ சொன்னேன்."

நயினாரின் கை தலைக்குப் போனது.

"எப்பம்மா வரணும்?" என்றான்.

அத்தை தொண்டையைச் செருமினார். "நீ அதிகம் பேசாத. போன அந்தப் புள்ளகிட்ட குடு."

வாங்கினேன்.

"கோத, வார வெள்ளிக்கெழம அவனக் கூட்டிட்டு வா. செந்தூருக்குப் போயிட்டு வந்துருவோம்."

"சரி அத்தை."

"நயினாருக்கும் அதுக்குள்ள மும்பைல முடிஞ்சிருமில்லா?"

"முடிஞ்சிடும் அத்தை."

"அப்பம் ரெண்டு பேருக்கும் சேத்தே ஒல வைக்கேன்."

"அந்தப் பயலப் பாக்க நானும் வருவேன்," என்று மாடத்தி மதினி சொல்வது கேட்டது. "வா வா," என்றார் அத்தை. "வந்து நல்லாப் பாரு."

போனை வைத்தேன். நயினார் பீரோக் கண்ணாடி முன் நின்று தலைமுடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கோதிக்கொண்டிருந்தான். இன்றைய நிமிடங்களில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

"இப்பத்தான் நல்லா வளந்துச்சு," என்றான், அந்தப் புதுக் குரலில்.

"என்ன?"

"முடி."

"முழுசாச் சொல்லு."

சொன்னான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.